ரொறன்ரோவில் ஓர் உடுப்புக்கொடி: புதிதாகக் கட்டுபவர்களுக்கு

கனடாவுக்கு வந்து முதல் ஆறு வருடம் நான் வெளியில் ஒரு துவாயைக்கூடக் காயப்போடவில்லை. "இங்கே அப்படிப் போடக்கூடாது, சிட்டிக்காரன் வந்து ஃபைன் அடிப்பான்" என்று வந்த புதிதில் யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று இப்போது ஞாபகமில்லை. ஆனால் அந்தச் சொல்லை நம்பி ஆறு கோடைகாலம் ட்ரையரை ஓட்டினேன். வெளியே முப்பது பாகை வெயில் எறிக்கிறது, மேல் மாடியில் ஏசி ஓடுகிறது, பேஸ்மென்டில் ட்ரையர் சூட்டைக் கக்குகிறது. ஏசி குளிராக்கிய காற்றைத்தான் ட்ரையர் இழுத்துச் சூடாக்கிக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அந்தச் சொல் முழுப் பொய்யும் இல்லை. புதுக் குடியிருப்புகளில் வீடு விற்கும்போது, வெளியில் கொடி கட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடும் வழக்கம் இருந்தது. கொடி கட்டினால் தெரு ஏழைத்தனமாகத் தெரியும், வீட்டு விலை விழும் என்ற பயம். 2008 ஏப்ரலில் ஒன்ராறியோ அரசு அந்த மாதிரித் தடைகளைச் செல்லாதவையாக்கியது. தனி வீடு, செமி (ஒரு சுவரைப் பகிரும் இரட்டை வீடு), பெரும்பாலான டவுன்ஹவுஸ் ஆகியவற்றுக்கு அது பொருந்தியது. உயர்மாடிக் கட்டடங்கள் அதில் சேரவில்லை.

ஆகவே முதல் வேலை, நீங்கள் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது. சொந்த வீடும் சொந்தப் பின்வளவும் என்றால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை, பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். கொண்டோ நிர்வாகத்தின் கீழ் வரும் டவுன்ஹவுஸ் என்றால் அந்த நிர்வாகத்தின் விதிகளை ஒருமுறை வாசியுங்கள். பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சுவரில் ஆணி அடிக்கப் போவதில்லை, மடக்கும் ஸ்டாண்ட் ஒன்றைத்தான் வைக்கப்போகிறேன் என்று சொன்னால் அநேகமாக மறுக்கமாட்டார்கள். அபார்ட்மென்ட் பல்கனியில் கம்பிக்கு மேலால் உடுப்பைத் தொங்கவிடப் பல இடங்களில் அனுமதி இல்லை. கம்பியின் உயரத்துக்குக் கீழே நிற்கும் சின்ன ஸ்டாண்டைத்தான் அங்கே பலரும் வைக்கிறார்கள். அதையும் உங்கள் கட்டட விதிகளில் பார்த்துவிட்டே வையுங்கள்.

எவ்வளவு மிஞ்சும்?

உள்ளதைச் சொல்கிறேன், இதில் வீடு வாங்கும் காசு மிஞ்சாது. ஒரு லீட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.67 கிலோவாட் மணி சக்தி வேண்டும். ஊரில் யூனிட் என்று சொல்வோமே, அதுதான். நன்றாகப் பிழிந்த 5 கிலோ உடுப்பிலும் இரண்டரை, மூன்று லீட்டர் தண்ணீர் இருக்கும். கணக்குப்படி 2 கிலோவாட் மணி போதும். ஆனால் ட்ரையர் தன் இரும்பு உடலையும் சூடாக்குகிறது, சூடான காற்றையும் வெளியே விடுகிறது. ஆகவே சாதாரண ட்ரையர் ஒரு தடவைக்கு 3 கிலோவாட் மணி தின்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வாரத்துக்கு நாலு தடவை தோய்க்கும் குடும்பம், மே முதல் ஒக்டோபர் வரை 26 வாரம்: 104 தடவை, 312 கிலோவாட் மணி. ஒரு கிலோவாட் மணிக்கு 15 சதம் என்று வைத்தால் 47 டொலர் அளவில் வரும். உங்கள் ஹைட்ரோ பில்லை (மின்சார பில்லுக்கு இங்கே அதுதான் பெயர்) எடுத்து, மாதாமாதம் மாறாமல் வரும் கட்டணத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை வகுத்துப் பாருங்கள், உங்கள் விலை தெரியும். வார நாட்களில் இரவு ஏழு மணிக்குப் பிறகும் சனி ஞாயிறும் மட்டுமே ட்ரையர் போடுகிறவர்களுக்கு மிச்சம் இன்னும் குறையும், அந்த நேரத்தில் மின்சாரம் மலிவு.

பிறகு ஏன் இந்தப் பாடு? எனக்குக் காரணம் உடுப்புத்தான். ட்ரையரின் வலையில் ஒவ்வொரு தடவையும் சேரும் அந்தச் சாம்பல் பஞ்சு எங்கேயிருந்து வருகிறது? உங்கள் சட்டையிலிருந்துதான். பருத்திச் சட்டை, வேட்டி, பிள்ளைகளின் டீசேர்ட் எல்லாம் கொடியில் காய்ந்தால் அதிக நாள் உழைக்கும், ட்ரையரில் போல அவ்வளவு சுருங்காது. அந்தக் காசையும் சேர்த்துப் பார்த்தால் கொடி கட்டிய செலவு முதல் கோடையிலேயே வந்துவிடும்.

காய்வது மெஷினுக்குள் தொடங்குகிறது

வெயில்தான் காயவைக்கிறது என்று நினைத்துக்கொண்டு பலர் பிழிவதில் கவனம் வைப்பதில்லை. வோஷரில் ஸ்பின் வேகத்தைக் கூட்டுவதுதான் இதில் மிக மலிவான வேலை. 5 கிலோ பருத்தி உடுப்பை நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்தால் மூன்றரை லீட்டர் அளவில் தண்ணீர் மிஞ்சும், 1200 சுற்றில் இரண்டரை லீட்டர். ஒரு லீட்டர் தண்ணீரை மோட்டார் சில நிமிடத்தில் சொற்ப மின்சாரத்தில் வெளியேற்றிவிடுகிறது. கொடியில் அதே ஒரு லீட்டருக்கு ஒரு மணித்தியாலம் கூடப் போகலாம்.

உங்களுடையது மேல்பக்கம் திறக்கும் பழைய மெஷின் என்றால், தோய்த்து முடிந்ததும் ஸ்பின் மட்டும் இன்னொரு தடவை ஓடவிடுங்கள். நம்பிக்கை இல்லையா? ஈர உடுப்புக் கூடையைக் குளியலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள், இரண்டாம் ஸ்பினுக்குப் பிறகு திரும்பவும் நிறுத்துப் பாருங்கள். லினன், மெல்லிய சேலை, சுருக்கம் விழும் சட்டைகளுக்கு மட்டும் வேகத்தைக் குறையுங்கள். ஸ்பின் முடிந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும். மெஷினுக்குள்ளேயே இரண்டு மணித்தியாலம் கிடந்த உடுப்பின் சுருக்கத்தை எந்தக் காற்றாலும் எடுக்க முடியாது.

எந்தக் கொடி?

மூன்று வகை உண்டு. மடக்கும் ஸ்டாண்ட் வாடகைக்கு இருப்பவர்களுக்கு நல்லது. வாங்கினோம், விரித்தோம், முடிந்தது. குடை மாதிரி விரியும் கொடி சின்னப் பின்வளவுக்கு. அதை நிறுத்தும் குழாயை நிலத்தில் கொங்கிரீட் போட்டு இறக்கினால், பார்பிக்யூவுக்கு ஆட்கள் வரும் நாளில் கொடியைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். காற்று பலமாக அடிக்கும் நாளில் வெறும் குடையை விரித்தபடி விடாதீர்கள், முறியும்.

மூன்றாவது கப்பிக் கொடி. ரொறன்ரோவின் பழைய இத்தாலியர், போர்த்துக்கேயர் தெருக்களில் பின்பக்கமாக நடந்தால் இதைப் பார்க்கலாம். ஊர்க் கிணற்றில் இருந்த அதே கப்பிதான், இங்கே படுக்கையாக வேலை செய்கிறது. வீட்டோரம் ஒரு கப்பி, வளவின் கோடியில் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி ஒரே கயிறு. நீங்கள் டெக்கில் ஓர் இடத்தில் நின்றபடி ஒரு உடுப்பைக் கொழுவித் தள்ளினால் அது போய்விடும், அடுத்ததைக் கொழுவலாம். ஸ்னோ கிடக்கும் நாளிலும் செருப்போடு வாசலில் நின்றே காயப்போடலாம். இடம் இருந்தால் இதைத்தான் கட்டச் சொல்வேன்.

வாங்க வேண்டியவை அதிகம் இல்லை. கப்பி இரண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக் கயிறு, கயிற்றை இறுக்கும் பூட்டு ஒன்று, மேல் கயிறும் கீழ்க் கயிறும் அகன்று போகாமல் பிடிக்கும் சின்னக் கொளுக்கி ஒன்றிரண்டு, வளையத் தலை உள்ள பெரிய போல்ட் இரண்டு. ஹார்ட்வேர் கடையில் எல்லாம் ஒரே தட்டில் இருக்கும். கயிறு வாங்கும்போது பலர் பிழைவிடுவார்கள்: தூரம் 15 மீட்டர் என்றால் கயிறு போய்த் திரும்பி வர வேண்டும், முடிச்சுக்கும் சேர்த்து 32 மீட்டராவது வேண்டும். வெறும் நைலான் கயிறு மலிவுதான், ஆனால் ஈரப்பாரத்தில் இழுபட்டு ஒரு மாதத்தில் புல்லைத் தொடும்.

எதில் கட்டுவது என்பதுதான் முழு விஷயமும். 8 கிலோ ஈர உடுப்புத்தானே, என்ன பெரிய பாரம் என்று நினைக்கக்கூடாது. 15 மீட்டர் கயிற்றில் அந்த உடுப்பைப் பரப்பிக் கொழுவி, நடுவில் அரை மீட்டர் மட்டுமே தொய்யும்படி இறுக்கினால், கயிறு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 30 கிலோ பலத்தோடு இழுக்கும். இன்னும் இறுக்கினால் இன்னும் கூடும். ஆகவே கொஞ்சம் தொய்வு இருக்கட்டும், அது அழகில்லை என்று பார்க்காதீர்கள். என் முதல் கொடியை வேலிக்கட்டையில்தான் கட்டினேன். வீணைத் தந்தி மாதிரி இருக்க வேண்டும் என்று முறுக்கி முறுக்கி இறுக்கினேன். இரண்டு பெட்சீட் போட்டதும் வேலிக்கட்டை எங்கள் பக்கம் தலை சாய்த்தது. அது பக்கத்து வீட்டாருக்கும் சொந்தமான வேலி. திருத்திக் கொடுத்த செலவில் நாலு கொடி கட்டியிருக்கலாம்.

வேலி வேண்டாம், வீட்டுச் சுவரின் வைனில் பலகை வேண்டாம், மழைத்தண்ணீர் பீலி வேண்டாம். டெக்கின் தடித்த தூண் நல்லது. செங்கல் சுவர் என்றால் சாந்து இடுக்கில் துளைக்காமல் கல்லிலேயே துளைத்து அதற்குரிய ஆங்கர் போடுங்கள். ஹைட்ரோ கம்பம், வீட்டுக்கு வரும் மின்கம்பி ஏறும் குழாய், காஸ் குழாய் எதிலும் கட்டக்கூடாது. மேலால் போகும் மின்கம்பியிலிருந்து 3 மீட்டராவது விலகியிருக்க வேண்டும், ஏணி வைக்கும்போதும் அப்படித்தான்.

கோடியில் பெரிய மரம் இருந்தால் அதிர்ஷ்டம். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டாதீர்கள், மரம் பருக்கப் பருக்கக் கயிறு பட்டைக்குள் இறங்கி அதை நெரிக்கும். ஒரு போல்ட்டை நேராக உள்ளே இறக்குவது மரத்துக்கு அதைவிடக் குறைந்த கேடு. மரம் இல்லை என்றால் தூண் நட வேண்டும். இந்த நாட்டில் நிலம் உறையும்போது வீங்கித் தூணை மேலே தள்ளும். தெற்கு ஒன்ராறியோவில் அந்த உறைவு நாலடி ஆழம் வரை இறங்கும் என்று கணக்கு, ஆகவே குழியும் நாலடி. இரண்டடிக் குழியில் நட்ட தூண் இரண்டு வின்டரில் சரிந்துவிடும். தோண்டுவதற்குச் சில நாட்களுக்கு முன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவிக்க வேண்டும், அது சட்டம். இலவசமாக ஆள் வந்து காஸ், மின்சாரம், தொலைபேசிக் குழாய்கள் எங்கே போகின்றன என்று நிலத்தில் நிறம் அடித்துவிட்டுப் போவார்கள். சின்னக் குழிதானே என்று அதை விடாதீர்கள்.

எங்கே கட்டினாலும் தலைக்கு மேலே ஒருமுறை பாருங்கள். ரொறன்ரோவில் முசுக்கட்டை மரம் களை மாதிரி வளரும். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் பழுக்கும்போது, மரத்தடியில் மட்டுமல்ல, அதைத் தின்ற பறவைகள் போகும் வழியெல்லாம் ஊதாப் புள்ளி விழும். வெள்ளை வேட்டியில் அது என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கொழுவும் முறை

முதலில் ஈரத்துணியால் கயிற்றை ஒரு தரம் துடையுங்கள். ஒரு வாரத் தூசி கயிற்றில் இருக்கும், பள்ளிக்கூடச் சட்டையில் கறுப்புக் கோடாக அது இறங்கும்.

அடுத்தது உதறல். ஒவ்வொரு உடுப்பையும் இரண்டு கையாலும் பிடித்து, 'பட்' என்று சத்தம் வர உதற வேண்டும். அம்மம்மா கிணற்றடியில் செய்தது இதுதான், அவருக்கு அயன்பெட்டி தேவைப்பட்டதே இல்லை. இதைச் சரியாகச் செய்தால் பாதிச் சுருக்கம் அங்கேயே போய்விடும்.

டீசேர்ட்டையும் சட்டையையும் கீழ் விளிம்பில் கிளிப் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தோளில் கிளிப் போட்டால் இரண்டு கொம்பு முளைத்த மாதிரி நிற்கும், போட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. ஜீன்ஸை உட்புறம் வெளியே திருப்பி, பொக்கற்றுகளையும் இழுத்து வெளியே விட்டு, இடுப்புப் பட்டியில் கிளிப் போடுங்கள். பொக்கற்றும் பட்டியும்தான் கடைசியில் காயும். கறுப்பு, கடும் நீலம் எல்லாவற்றையும் உட்புறம் திருப்பினால் வெயிலில் வெளிறாது. பெட்சீட்டை நடுவில் மடித்துப் போடாமல், ஒரு விளிம்பைப் பத்து சென்ரிமீட்டர் மட்டும் கயிற்றின் மேல் மடித்துக் கிளிப் போட்டால் பாய்மரம் மாதிரிக் காற்றை வாங்கி ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும்.

சாரத்துக்கு ஒரு வித்தை உண்டு. மூட்டிய சாரத்தை அப்படியே தொங்கவிட்டால் இரண்டு மடிப்பும் ஒட்டிக்கொண்டு காய நாளெடுக்கும். குடைக்கொடியில் பக்கத்துப் பக்கத்துக் கயிறுகள் இரண்டில் சாரத்தின் வாயை விரித்துக் கிளிப் போடுங்கள், காற்று உள்ளே புகுந்து ஓடும். பருத்திச் சேலையை நீளவாக்கில் கயிற்றின் மேல் பாதிக்குப் பாதி போட்டால் ஐந்தரை மீட்டர் கயிறு போதும், நிலத்திலும் தட்டாது. சாயம் போகும் சேலை என்றால் கரை மற்றப் பக்கத்தில் படாமல் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் போடுங்கள். கூறைச்சேலையையும் மற்றப் பட்டுகளையும் இந்தக் கொடிக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

உள்ளாடைகளைக் குடைக்கொடியின் உள் கயிறுகளில் போட்டு, வெளிச் சுற்றில் துவாய்களைப் போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. எங்கள் அம்மாவுக்கு இது பெரிய பிரச்சினை, அதனால்தான் எழுதுகிறேன்.

துவாய் சொரசொரப்பாகக் காயும், அது எல்லோரும் சொல்லும் குறை. நன்றாக உதறி, காற்றுள்ள நாளில் போட்டால் கொஞ்சம் குறையும். எனக்கு அந்தச் சொரசொரப்பு பிடிக்கும், முதுகுக்கு நல்லது. வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது. அவர்களுக்காகக் காய்ந்த துவாயைப் பத்து நிமிடம் மட்டும் ட்ரையரில் போட்டு எடுக்கிறேன். முழுதாகக் காயவைப்பதைவிட அதற்கு மின்சாரம் குறைவு.

கிளிப்புகளைக் கொடியிலேயே விட்டுவிடாதீர்கள். வெயிலில் பிளாஸ்டிக் பொரிந்துபோகும், மரக் கிளிப் மழையில் கறுத்துத் துணியில் கறை வைக்கும். ஒரு பையில் போட்டு வாசலில் மாட்டி வையுங்கள்.

எந்த நாள் நல்ல நாள்?

வெயிலைப் பார்க்காதீர்கள், காற்றையும் ஈரப்பதத்தையும் பாருங்கள். வானிலைச் செயலியில் பனிநிலை வெப்பம் (dew point) என்று ஒன்று காட்டும், காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை அது சொல்லும். அது 15 பாகைக்குக் கீழே இருந்து கொஞ்சம் காற்றும் இருந்தால் அது கொடி நாள். 20க்கு மேலே போய்விட்டால் வெளியே 30 பாகை கொளுத்தினாலும் ஜீன்ஸ் பின்னேரம் வரை ஈரம். மே மாதத்துக் குளிர்காற்று, காற்றே இல்லாத ஜூலை மாதத்துப் புழுக்கத்தைவிடச் சில நாட்களில் வேகமாகக் காயவைக்கலாம். காலை பத்து மணிக்குள் போட்டு, வெயில் சாய முன் எடுத்துவிடுங்கள். பொழுது பட்டபின் பனி இறங்கிக் காய்ந்ததையும் நனைக்கும். உள்ளே கொண்டுவர முன் ஒரு தரம் உதறுங்கள், ஓகஸ்ட், செப்டெம்பரில் குளவி ஒளிந்திருக்கும்.

மகரந்த அலர்ஜி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மரங்களின் காலம், ஜூன் புல்லின் காலம், ஓகஸ்ட் நடுவிலிருந்து உறைபனி வரை ராக்வீட் என்ற களையின் காலம். அந்த நாட்களில் தலையணை உறையையும் பெட்சீட்டையும் மட்டும் உள்ளே காயவைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை ரொறன்ரோவை மூடியதே, அப்படியான நாட்களில் ஒன்றையும் வெளியே போடாதீர்கள், திரும்பவும் தோய்க்க வேண்டிவரும்.

வின்டரில்? முடியும். உறைந்த உடுப்பும் காயும். கற்பூரம் உருகாமலே காற்றோடு போகிறதே, அதேபோல் துணியில் இருக்கும் பனிக்கட்டியும் நேராக ஆவியாகும். ஆனால் மெதுவாக. வெயிலும் வறண்ட காற்றும் உள்ள, பூச்சியத்துக்குச் சற்றுக் கீழான நாளில் மெல்லிய துணி காயும், ஜீன்ஸ் அரைகுறையாக வரும். கை விறைக்காமல் இருக்க உடுப்புக்குக் கிளிப்பை உள்ளேயே போட்டுவிட்டு வெளியே போங்கள். விறைத்த துணியை மடிக்காதீர்கள். எனது முதல் வின்டர் சாரத்தைக் கொடியிலிருந்து கழற்றி வாசலில் சாய்த்து வைத்தேன், அது ஆள் மாதிரி நின்றது. மகள் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள்.

நான் இப்போது டிசம்பரிலிருந்து மார்ச் வரை பெரும்பாலும் உள்ளே ஸ்டாண்டில்தான் போடுகிறேன். ஃபர்னஸ் ஓடும் வீட்டில் காற்று வறண்டிருப்பதால் ஓர் இரவில் சட்டை காய்ந்துவிடும், தொண்டை வறட்சியும் குறையும். ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று லீட்டர் தண்ணீரை வீட்டுக்குள் விடுகிறோம் என்பதை மறக்கக்கூடாது. பத்துப் பதினைந்து டொலருக்கு ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். கடும் குளிரில் 30 சதவீதம் அளவில் இருக்கட்டும். யன்னல் கண்ணாடி வேர்க்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டு ட்ரையரைப் போடுங்கள். பேஸ்மென்டில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள், சுவரில் பூஞ்சணம் பிடித்தால் ஹைட்ரோ பில்லில் மிஞ்சியதைப்போலப் பத்து மடங்கு போகும்.

குடைக்கொடி வைத்திருப்பவர்கள் நவம்பரில் அதைக் கழற்றிக் கராஜில் வைத்து, நிலத்தில் இருக்கும் குழாயின் வாயை மூடியால் மூடுங்கள். மூடாமல் விட்டால் உள்ளே தண்ணீர் தேங்கி உறைந்து குழாயை வெடிக்க வைக்கும். ஏப்ரலில் திரும்பத் தோண்ட வேண்டிவரும்.